கூடாரத்தில் ரெண்டு ராத்திரி, கூடவே ஒரு ஸ்டீல் பாட்டில்

கேள்வி: வணக்கம் டாக்டர். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் சின்னதாக ஒரு நார் மில்லும் வைத்திருக்கிறேன். வயது 31. கல்லூரி நண்பர்களோடு ஆறு பேராகக் கேரளத்துப் பரம்பிக்குளம் காட்டுக்குப் போகிறோம். ஆனப்பாடியில் வனத்துறைக் கூடாரத்தில் இரண்டு இரவு, அப்புறம் நெல்லியாம்பதியில் ஒரு தனியார் காட்டேஜில் ஒரு இரவு. புக்கிங் எல்லாம் என் பெயரில். மது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நண்பர்கள் கேட்கவில்லை. 'சத்தம் போடப்போவதில்லை, குப்பை போடப்போவதில்லை, கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆளுக்கு ரெண்டு. இதைவிடப் பொறுப்பாக எப்படிக் குடிப்பது?' என்கிறார்கள். பொள்ளாச்சியிலேயே வாங்கி ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகலாம் என்பது திட்டம். ஒருவனுடைய தம்பியும் வருகிறான், வயது 22. இன்னொருவன் தினமும் ராத்திரி குவார்ட்டர் போடுகிறவன். ஒருநாள் விட்டால் காலையில் கை நடுங்குகிறது என்கிறான். அவனுக்காகவாவது கொஞ்சம் எடுத்துப் போகலாமா? திரும்பும்போது கேரளத்தில் கள் வாங்கி வரலாமா? நானும் எப்போதாவது குடிப்பவன்தான். பிரசங்கம் வேண்டாம், வழி சொல்லுங்கள்.

பதில்: பிரசங்கம் இல்லை தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கம் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கை நடுங்குகிற நண்பர், அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அபராதம், அவமானம், தலைவலி என்று முடியும் சங்கதிகள். இது உயிர் விஷயம்.

தினமும் குடிக்கிற உடம்பு, மது உள்ளே இருக்கும் என்று எதிர்பார்த்தே நரம்புகளைப் பழக்கி வைத்திருக்கும். மது மூளையை அமர்த்தும் பொருள். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது வராமல் போனால், ஏற்றி வைத்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை இவை கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்தே வரலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதற்கும் அப்புறம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள், சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் இதில் ஆள் போய்விடுவதும் உண்டு. உங்கள் பயணத் திட்டத்தை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் நாள் காலை புறப்பாடு, இரண்டு இரவு காட்டுக்குள். வலிப்புக்கான நேரம் சரியாகக் கூடாரத்துக்குள் விழுகிறது.

அப்படியானால் அவருக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துப் போவதுதானே மனிதாபிமானம் என்று தோன்றும். எனக்கும் அந்த நியாயம் புரிகிறது. ஆனால் எவ்வளவு எடுத்துப் போவீர்கள்? அவர் சொல்லும் குவார்ட்டர் உண்மையிலேயே குவார்ட்டர்தானா? என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் அளவை நான் மனதுக்குள் கொஞ்சம் ஏற்றித்தான் எழுதிக்கொள்வேன். செக்போஸ்டில் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உங்களை உள்ளே அனுப்பிவிட்டால், நீங்கள் பயந்த நிலைமையே வந்து சேரும். அதனால் வழி ஒன்றுதான். கிளம்புவதற்கு முன்பே, இந்த வாரமே, அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கு மாத்திரைகள் இருக்கின்றன, தயமின் என்ற வைட்டமின் கொடுக்க வேண்டியிருக்கும், சிலரைச் சில நாள் படுக்கையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலேயே ஆரம்பிக்கலாம். நேரில் போகக் கூச்சப்பட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவர் போகலாம் என்று சொன்னால் அவர் வரட்டும். இல்லையென்றால் அவர் இந்த முறை வீட்டில் இருக்கட்டும். 'விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று கோபித்துக்கொள்வார்தான், அது பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'காட்டுக்குள் போய் ரெண்டு நாள் குடிக்காமல் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும்' என்று குடும்பத்தாரே அனுப்பி வைப்பதும் நடக்கிறது. தினக்குடிகாரரை அப்படி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அதுவும் ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் கூடவே கூடாது.

சரி, மற்றவர்களுக்கு வருவோம்.

உங்கள் நண்பர்களின் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் இல்லை, குப்பை இல்லை, ஆளுக்கு ரெண்டு. வீட்டு மொட்டை மாடியில் இதைச் சொல்லியிருந்தால் நான் பெரிதாக மறுத்திருக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடம்புக்குக் கெடுதல் செய்யாத பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அதை ஒருமுறை காதில் போட்டுவிட்டு, குடிப்பவர்கள் குடிக்கத்தான் போகிறார்கள் என்ற நிலையில் பேசுகிறேன். வீட்டில் குடிக்கும்போது உங்களை அறியாமலே பல விஷயங்கள் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. படுக்கை பக்கத்தில், கதவு பூட்டியிருக்கிறது, விளக்கு எரிகிறது, யாரோ ஒருவர் குடிக்காமல் விழித்திருக்கிறார், போன் வேலை செய்கிறது, கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. ஆனப்பாடிக் கூடாரத்தில் இவற்றில் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அங்கே குடித்தால் என்ன நஷ்டம் என்று கேட்பதைவிட, ஏதாவது ஒன்று நடந்தால் நம்மிடம் என்ன இருக்கும் என்று கேட்பது நல்லது.

பரம்பிக்குளத்தின் இருப்பே விசித்திரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடைப் பஞ்சாயத்து. ஆனால் காரில் போக வேண்டுமென்றால் நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இருக்கிற கேரளத்துக்காரரே தன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக இன்னொரு மாநிலத்தைச் சுற்றி வருகிறார். ராத்திரியில் ஒருவருக்கு முடியாமல் போனால் நீங்கள் போக வேண்டிய பாதையும் அதுதான். யானையும் காட்டெருமையும் நடமாடும் காட்டுச் சாலை, இரண்டு மாநில வனத்துறைகளின் கேட்டுகள், அப்புறம்தான் ஆனைமலையும் பொள்ளாச்சியும். செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு, ஆனால் அழைப்பு போனால்தானே.

இனி மருத்துவராக என்னை மிகவும் பயமுறுத்தும் விஷயம். காட்டில் குடித்தவரின் நோய் மற்றவர்களுக்குத் தெரியாது. கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சிலர் கடித்ததே தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் வயிற்று வலி, வாந்தி, இமை தானாகக் கீழே விழுவது, நாக்கு குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்வது. மூச்சு ஓய்வதற்கு முன்னால் உள்ளதை மட்டும் திரும்பப் படியுங்கள். வாந்தி எடுக்கிறான், கண் சொக்குகிறது, பேச்சு குழறுகிறது. கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? 'மச்சான் ஓவராயிட்டான், தூங்க விடு.' விஷமுறிவு மருந்து போட வேண்டிய நேரம் முழுவதும் அந்தத் தூக்கத்தில் போய்விடும். குடிக்காத ஒருவருக்கு இமை இறங்கினால் ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் பதறிவிடுவார்.

தலையில் அடிபட்டாலும் இதே கதை. கூடாரத்துக் கயிறு தடுக்கி ஒருவர் விழுகிறார், எழுந்து சிரிக்கிறார், படுக்கிறார். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் வரும் மயக்கமும் போதை மயக்கமும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாராவது குழுவில் இருந்தால் அவருக்குத் தனி ஆபத்து. வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை படக்கென்று கீழே இறங்கும். வியர்வை, உளறல், மயக்கம். அதையும் போதை என்றே நினைப்பார்கள்.

மலைப்பாதையில் குமட்டாமல் இருக்க அவோமின் போட்டுக்கொள்வோம் அல்லவா? அந்த மாத்திரையே தூக்கம் தருவது. சளிக்குப் போடும் செட்ரிசினும் அப்படித்தான். இவற்றோடு மது சேர்ந்தால் ரெண்டு பெக் நாலு பெக்காக வேலை செய்யும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

குளிருக்கு இதமாக இருக்கும் என்பது நண்பர்களின் அடுத்த வாதமாக இருக்கும். தோலுக்கு ரத்தம் ஓடுவதால் சூடாகத் தெரிகிறது, உள்சூடு வெளியே போகிறது. அவ்வளவுதான். பரம்பிக்குளத்துக் குளிருக்கு ஒரு கம்பளியும் குரங்குத் தொப்பியும் போதும். அப்புறம் தண்ணீர். அந்த நீர்த்தேக்கங்களில் முதலைகள் உண்டு. வெயிலில் போதையோடு ஒருவருக்கு இறங்கிக் குளிக்க ஆசை வந்தால், குடிக்காத ஒருவர் கூட இல்லாத குழுவில் யார் தடுப்பது?

ஸ்டீல் பாட்டில் யோசனை பற்றி. எனக்குச் சட்டம் தெரியாது. அதனால் கேரள எல்லைப் பக்கம் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பரம்பிக்குளம் 2010 முதல் புலிகள் காப்பகம். உள்ளே நீங்கள் போவதே வனத்துறை தரும் அனுமதியின் பேரில்தான், அந்த அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று மது கூடாது என்பது. நிபந்தனையை மீறினால் உங்கள் பெயரில் இருக்கும் புக்கிங் ரத்தாகும், நடு ராத்திரி என்றாலும் வெளியேற்றலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் குப்பை போடுவதையும் தீ மூட்டுவதையும் அதே சட்டம் தனித்தனியாகத் தடுக்கிறது. ஒரு பாட்டில் மூடியை வீசுவதும், அனுமதியில்லாமல் 'கேம்ப் ஃபயர்' போடுவதும் அதில் வரும்.

அது வனத்துறைக் கணக்கு. கேரள எக்சைஸ் கணக்கு வேறு. டாஸ்மாக்கில் வாங்கிய சரக்கை அனுமதியில்லாமல் கேரளத்துக்குள் கொண்டு போவது அங்குள்ள அப்காரி (மது) சட்டப்படி தனிக் குற்றம். ஸ்டீல் பாட்டிலில் ஊற்றிவிட்டால் லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. அது எந்தக் கடைச் சரக்கு, கள்ளச்சாராயமா நல்லதா என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது. ஒளித்து வைத்ததும் தெரிந்துவிடும். ஒரிஜினல் பாட்டிலோடு மாட்டுவதைவிட இது மோசம் என்கிறார் வக்கீல். அப்புறம் கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் வயது 23. இங்கே 21. நண்பரின் தம்பி சேத்துமடையில் பெரியவன், ஆனப்பாடியில் சின்னப்பையன். அவன் கையில் டம்ளரைக் கொடுக்கிறவருக்கும் சிக்கல் வரும்.

கூடாரம் நம் அறைதானே என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் வாங்கினேன். பொது இடத்தில் மது அருந்துவதைத் தடுக்கும் பிரிவில், தனியாகத் தங்கும் அறைக்கு விலக்கு இருக்கிறது. விடுதி அறையில் அதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் வனத்துறை முகாமில் கூடாரத்துத் துணிக்குள் இருந்தேன் என்று சொன்னாலும் அனுமதி நிபந்தனையை மீறியது மீறியதுதான், அதற்கு விலக்கு எதுவும் உதவாது. வெளியே வந்து தள்ளாடினால் கேரளப் போலீஸ் சட்டத்தின் 118ஆம் பிரிவு: பொது இடத்தில் போதையில் நிதானமில்லாமல் இருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வெறும் வாசனை அடித்ததற்காக அந்தப் பிரிவைப் போட முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது என்பதையும் நண்பர் நேர்மையாகச் சேர்த்துச் சொன்னார். அதை உங்கள் நண்பர்களிடம் சொல்ல வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

அபராதத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த முகாம்களில் உங்களுக்கு வழிகாட்டியாக வருகிறவர் பெரும்பாலும் அங்கேயே பிறந்த பழங்குடியினர், காடரோ மலசரோ. காட்டில் உங்கள் உயிருக்கு அவர்தான் காவல். நீங்கள் கூடாரத்துக்குள் பாட்டில் திறந்தால் மறுநாள் அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். விருந்தாளி பணம் கட்டியவர், திட்டவும் முடியாது. கண்டுகொள்ளாமலும் இருக்க முடியாது. பொறுப்பாகக் குடிக்கிறோம் என்று சொல்லும்போது அந்தப் பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் வைக்கிறோம். குடிக்காத அவர், குடித்த ஆறு பேரை ராத்திரி முழுவதும் யானைப் பாதைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டில் விஷயமும் சாதாரணமில்லை. நீலகிரியில் காட்டோரம் கிடந்த உடைந்த பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழித்து, விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. யானைக்குப் பாதத்தில் கண்ணாடி ஏறினால் அதைப் பிடித்து வைத்துக் கட்டுப் போட முடியாது.

ஆக பரம்பிக்குளம் இரண்டு இரவும் வறட்சிதான். ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இரண்டு நாள் குடிக்காமல் இருக்க முடியாது என்று குழுவில் வேறு யாராவது சொன்னால், அவரும் முதலில் சொன்ன நண்பரோடு சேர்ந்து மருத்துவரைப் பார்க்கட்டும்.

குடித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு இடம் நெல்லியாம்பதி. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. முதலில் காட்டேஜ்காரரிடம் போனில் நேராகக் கேளுங்கள்: 'அறைக்குள் குடிக்கலாமா?' தயங்கித் தயங்கிச் சொன்னால் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதித்தால், கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோவில், கீழே சமவெளியிலேயே வாங்கி, பில்லைப் பாட்டிலோடு வைத்திருங்கள். ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அன்றைக்குத் தெரிந்தவர் மூலம் 'ஏற்பாடு' செய்கிறேன் என்பவரை நம்பாதீர்கள், அங்கேதான் கலப்படச் சரக்கு வரும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு. இந்தியத் தயாரிப்பு மதுவுக்கு மூன்று லிட்டர். ஆனால் ஆறு பேருக்கு மூன்று லிட்டர் என்று யாராவது திட்டம் போட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். காட்டேஜுக்குள் மட்டும் குடியுங்கள். சீதார்குண்டு வியூ பாயின்ட்டுக்கு டம்ளரோடு போகவே கூடாது. அது செங்குத்தான பாறை விளிம்பு, மூடுபனி இறங்கினால் குடிக்காதவனுக்கே கால் எங்கே வைப்பது என்று தெரியாது. முழுக்கக் குடிக்காத ஒருவர் அன்றைக்கு இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஆரம்பித்து, பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஏன் பதினொன்று? மறுநாள் காலையில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிறீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். அதில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி என்றால் 20 கிராம் சுத்த ஆல்கஹால். குவார்ட்டருக்கு, அதாவது 180 மில்லிக்கு, அறுபது கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்து கிராம்தான் கரைக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டர் கரைய ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம். பதினொரு மணிக்கு முடித்தால் காலை ஏழு மணிக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். ஊறுகாய், மோர், கறுப்புக் காப்பி, தலைக்குத் தண்ணீர் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காப்பி குடித்த போதைக்காரர் விழித்திருக்கும் போதைக்காரர், அவ்வளவுதான். பீர்தானே என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 650 மில்லி ஸ்ட்ராங் பீர், ஏழெட்டு சதவீதம் என்றால், ஒரு பாட்டில் கிட்டத்தட்ட இரண்டு லார்ஜ். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அதனால் காலையில் ஓட்டப் போகிறவர் யார் என்பதை முதல் நாள் மாலையிலேயே முடிவு செய்து, அவர் கையில் டம்ளர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புக்கிங் எடுத்தவர் நீங்கள், வண்டியும் உங்களுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆள் நீங்களாக இருந்தால் நல்லது.

அங்கேயும் யாராவது அளவு மீறிவிட்டால், மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்து, மேல் காலை மடக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்த்தான் பலர் சாகிறார்கள். உலுக்கியும் கிள்ளியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, உதடு நீலம் பாய்கிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். எவ்வளவு, எப்போது, கூட என்ன மாத்திரை என்று தெரிந்தால்தான் சரியாக மருந்து கொடுக்க முடியும்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தச் சங்கடம்தான் தெரிகிறது. செக்போஸ்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அங்கே சண்டை போடாதீர்கள். இப்போதே குரூப்பில் எழுதிவிடுங்கள்: 'புக்கிங் என் ஐடியில் இருக்கு. ஆனப்பாடியில் சரக்கு இல்லை. வண்டியில் இருந்தா நான் சேத்துமடையிலேயே திரும்பிடுவேன். நெல்லியாம்பதியில் பார்த்துக்கலாம். முடியாதவங்க இப்பவே சொல்லுங்க, பணம் திருப்பித் தர்றேன்.' இவ்வளவு போதும். கூடவே காரணம், விளக்கம் எல்லாம் எழுதினால் விவாதம்தான் வளரும். ஒருவரோ இருவரோ கழன்றுகொள்ளலாம். கழன்றுகொள்கிறவர் காட்டைப் பார்க்க வரவில்லை என்று அர்த்தம். மிச்சமிருப்பவர்களுக்குக் கன்னிமாராத் தேக்கு என்ற பெரிய மரத்தையும் காலைப் பனியில் மேயும் காட்டெருமைக் கூட்டத்தையும் தலைவலி இல்லாமல் பார்க்கக் கிடைக்கும். வண்டி கிளம்பும் முன் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் நீங்களே திறந்து பாருங்கள். சிரித்துக்கொண்டே செய்யலாம், ஆனால் செய்யுங்கள்.

கடைசியாகக் கள். நெல்லியாம்பதியிலிருந்து நெம்மாறா, கொல்லங்கோடு வழியாகக் கோவிந்தாபுரம் திரும்பும் பாதை சித்தூர்ப் பக்கம். கேரளம் முழுவதுக்கும் கள் போகிற சீமை அது. லைசென்ஸ் உள்ள ஷாப்பில் உட்கார்ந்து, 23 வயது ஆனவர்கள், வண்டி ஓட்டாதவர்கள், கப்பையும் மீன்கறியுமாக ஒரு டம்ளர் குடித்தால் அது உங்கள் பாடு. காலையில் இறக்கிய கள்ளும் சாயங்காலக் கள்ளும் ஒன்றில்லை. நேரம் ஆக ஆகப் புளித்து போதை ஏறிக்கொண்டே போகும், காலையில் பார்த்த அளவை வைத்து மாலையில் குடிக்காதீர்கள். பாட்டிலில் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. நம் தோப்பிலும் தென்னை இருக்கிறது, அங்கே இறக்கினால் சரி, இங்கே இறக்கினால் குற்றமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நம் ஊர் விவசாயிகளும் அதைத்தான் பல வருடமாகக் கேட்கிறார்கள். அந்த வழக்கை கோவிந்தாபுரம் செக்போஸ்டில் நின்று நீங்கள் வாதாட வேண்டாம். தவிர, மூடி இறுக்கிய பாட்டிலில் புளிக்கிற கள் வண்டிச் சூட்டில் வெடித்தால் சீட் கவரை மாற்ற வேண்டியிருக்கும்.